நீளமான வார்த்தையின் மூட்டுகள்

1937 ஜனவரி 4, திங்கள்

இந்த ஆண்டு நடப்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். போன வருட நோட்டில் நான் நல்லவளாகத் தெரியும் இடங்களை மட்டும் எழுதியிருந்தேன். நேற்று படித்துப் பார்த்தபோது யாரோ ஒரு போதகரின் மகள் எழுதியது போல இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். இனி அசடு வழிந்த இடத்தையும் எழுதுவேன்.

முதல் உண்மை: என் பெயர் லியோட்டா ப்ரூயெட், வயது பதின்மூன்று, ஓட்டர் ஃபோர்க் பள்ளியில் என்னைவிட அதிகம் படிப்பவர்கள் யாரும் இல்லை. இது பெருமைதான். ஆனால் உண்மை.

இரண்டாவது: அப்பா இன்று சுரங்கத்திலிருந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றாமல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா மண்டியிட்டு நாடாவை அவிழ்த்தாள். நான் பீன்ஸ் பரிமாறினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 6, புதன்

மிஸ் ட்ரஸ்கட் ஒஹையோவிலிருந்து செப்டம்பரில் வந்தவர். இந்த ஊரில் சமவெளி நடுவே நிற்கும் வெள்ளை மலைகளைப் பார்த்து, இங்கே பனி இவ்வளவு சீக்கிரம் பெய்யுமா என்று கேட்டவர். அது பனியில்லை, ஆலையில் தாது எடுத்தபின் கொட்டுகிற சல்லி என்று ஃபேய் கிம்ஸி சொன்னாள். ஃபேய் என் பெஞ்சுக்காரி. அவளுடைய அப்பாதான் என் அப்பாவுக்கு மேஸ்திரி.

மிஸ் சொல்லிக்கொடுப்பது இது: நீளமான வார்த்தையைக் கண்டு பயப்படக் கூடாது. கோழியை அறுக்கிறவள் எலும்பை வெட்டமாட்டாள், மூட்டைத் தேடுவாள். கத்தி தானாக இறங்கும். வார்த்தைக்கும் மூட்டு உண்டு. கரும்பலகையில் வார்த்தையை எழுதி, மூட்டு மூட்டாகச் சாக்பீஸால் கோடு இழுக்க வேண்டும். அழுத்தம் விழும் இடத்தில் காலால் தரையைத் தட்ட வேண்டும். பிறகு கோடுகளை அழித்துவிட்டு ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

இன்-காம்-ப்ரி-ஹென்-சி-பி-லி-ட்டி. நான்தான் முதலில் சொன்னேன். ஃபேய் தரையைத் தட்டிய தட்டில் மைக்கூடு கவிழ்ந்தது.

ஜனவரி 11

சமையல் சோடா டப்பாவில் உள்ள வார்த்தைகளையெல்லாம் பிரித்து முடித்துவிட்டேன். அம்மா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜனவரி 19, செவ்வாய்

கிடைத்துவிட்டது! ஆங்கிலத்திலேயே மிக நீளமான வார்த்தை. ஒரு பழைய செய்தித்தாளிலிருந்து மிஸ் வெட்டி வைத்திருந்தார். பலகையின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை போயிற்று. வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். பிப்ரவரி கடைசி வெள்ளியன்று பள்ளியில் பெற்றோர் கூடும்போது, பழம் வைத்துச் சுட்ட பை பலகாரங்களை ஏலம் விடுவதற்கு முன்னால், ஒருவர் மேடையேறி இதைப் பிரித்துச் சொல்லவேண்டுமாம். யார் என்று மிஸ் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

நியூ-மோ-னோ-அல்-ட்ரா-மை-க்ரோ-ஸ்கா-பிக்-சி-லி-கோ-வால்-கே-னோ-கோ-னி-ஓ-சிஸ்.

சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குச் சொல்லிக் காட்டினேன். தானும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். "மை" வரை வந்தார். இருமல். மறுபடி ஆரம்பித்தார். "க்ரோ" தாண்டியதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மூச்சு திரும்பி வந்தபின், "இது வார்த்தையில்ல லியோ, சரக்கு ரயிலு. கடைசிப் பெட்டி வர்றதுக்குள்ள நான் ஒரு ஷிஃப்ட் பாத்துட்டு வந்துடுவேன்" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சட்டியில் ஒன்றுமே இல்லாதபோதும் கிளறிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 2, செவ்வாய்

எப்படி எழுதுவது.

மேடையில் சொல்கிறவளுக்கு அர்த்தமும் தெரிய வேண்டும் என்று மிஸ் இன்று ஒவ்வொரு துண்டாக விளக்கினார். நியூமோனோ என்றால் நுரையீரல். அல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக், உருப்பெருக்கிக் கண்ணாடியிலும் தெரியாத அளவு பொடி. சிலிக்கோ, சிக்கிமுக்கி மாதிரியான கல். வால்கேனோ, எரிமலை, அது வார்த்தையை நீட்டுவதற்காக யாரோ ஒட்டவைத்தது, விட்டுவிடலாம் என்றார். கோனி, தூசு. ஓசிஸ், நோய்.

கல்தூசு நுரையீரலில் இறங்கி வருகிற நோய்.

யாருக்கு வரும் என்று கேட்டேன். கல்லைத் துளைக்கிறவர்களுக்கு, என்றார் மிஸ். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. நாங்கள் கவனமாகக் கேட்கிறோம் என்று நினைத்து மிஸ் சந்தோஷப்பட்டார்.

இங்கே தாது இருப்பதே சிக்கிமுக்கிப் பாறையில்தான். அப்பா பத்து வருடமாக அதைத் துளைக்கிறார். அவருடைய தொப்பியைத் தட்டினால் வெள்ளையாகக் கொட்டும். சின்ன வயதில் அதில் விரலால் பூ வரைவேன்.

அப்பா படுத்துத் தூங்குவதில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஜன்னலைப் பார்த்தபடிதான். நாடா அவிழ்ப்பது அம்மா. வீட்டுக்கு வரும் வழியில் தண்ணீர் பம்பு அருகே நின்று வானத்தைப் பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். தேவாலயத்தில் வாயை மட்டும் அசைப்பார், பாடுவதில்லை. இவை ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன். சேர்த்துப் படித்ததில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "சளி" என்றாள். இது சளி இல்லை என்று நான் ஆரம்பித்ததும் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. "சளிதான். இந்த ஊர்ல எல்லாருக்கும் சளி. அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

பிப்ரவரி 9

பக்கத்து வீட்டு ஸ்டம்போ அத்தையின் புருஷன் போன வருடம் செத்தபோது போதகர் "நெடுநாள் சளியால்" என்றார். கடைக்காரரின் தம்பிக்கும் சளி. இவ்வளவு பேர் சளியால் எப்படிச் சாவார்கள்?

யாருக்கும் தெரியாது, அதனால்தான் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அப்பா நாலாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுகூட இல்லை. சுரங்கத்தை நடத்துகிறவர்கள் படித்தவர்கள். அவர்களுக்கு யாராவது தெளிவாக எடுத்துச் சொன்னால் போதும், துளைக்கும்போது தூசு அடங்கத் தண்ணீர் விடச் சொல்வார்கள், அப்பாவை மேலே வெளிச்சத்தில் வேறு வேலைக்கு மாற்றுவார்கள். விழாவுக்குச் சுரங்க சூப்பரின்டென்டென்ட் மிஸ்டர் வெதர்பீ வருகிறாராம். அவர் வீட்டில் பியானோ இருக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, வெள்ளி

உள்ளது உள்ளபடி.

பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. சுவரோரமெல்லாம் ஆண்கள் நின்றார்கள். முன்வரிசையில் மிஸ்டர் வெதர்பீ, பக்கத்தில் ஃபேயின் அப்பா மிஸ்டர் கிம்ஸி. நான் வார்த்தையை எழுதினேன், கோடு இழுத்தேன், தட்டினேன், கோடுகளை அழித்தேன், ஒரே மூச்சில் சொன்னேன். கைதட்டல். அப்பா பின்னால் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கப் பார்த்தார். வரவில்லை.

மிஸ்டர் வெதர்பீ சிரித்துக்கொண்டே கேட்டார்: "வார்த்தை சரி. அர்த்தம் தெரியுமா பாப்பா?"

துண்டு துண்டாகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இந்த நோய் வந்தவர் படுத்துத் தூங்க முடியாது, நாற்காலியில்தான் தூங்குவார் என்றேன். குனிந்தால் மூச்சு நிற்கும், அதனால் பூட்ஸ் நாடாவை வேறொருவர்தான் அவிழ்க்க வேண்டும். வழியில் நின்று வானத்தைப் பார்ப்பது போல இளைப்பாறுவார். பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பார். எல்லாவற்றையும் நன்றாகச் சொன்னேன். எங்கள் வீடு என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் எப்போதும் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். போதகர்கூட அதற்கு இடம் விட்டுத்தான் பேசுவார். நான் முடித்தபோது ஒருவர்கூட இருமவில்லை. சுவரோரம் நின்ற ஆண்கள் எல்லாரும் வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர்கள் அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ்டர் வெதர்பீ எழுந்து வந்து கை குலுக்கினார். "ரொம்பத் தெளிவாச் சொன்ன. யார் வீட்டுப் பொண்ணு?"

"வர்ஜில் ப்ரூயெட் பொண்ணு, சார். மூணாம் நம்பர் சுரங்கம்."

ஒவ்வோர் அசையும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

பை ஏலத்தில் என் ஆப்பிள் பையை அப்பாவே எடுத்தார். யாரும் போட்டி போடவில்லை. திரும்பி வரும்போது அம்மா முன்னால் நடந்தாள். நான் நன்றாகத்தானே சொன்னேன்?

பிப்ரவரி 27

அம்மா பேசவில்லை. அப்பா மட்டும், "கடைசி வரைக்கும் தெளிவா கேட்டுச்சு" என்றார்.

மார்ச் 2, செவ்வாய்

ஃபேய் மதிய இடைவேளையில் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு நிஜமாவே தெரியாதா? நீதானே எல்லாத்தையும் படிக்கிறவ."

எது தெரியாதா என்றேன்.

அட்டையைப் பற்றிச் சொன்னாள். சுரங்கத்தில் இறங்குகிற எல்லாரும் வருடத்துக்கு ஒரு தடவை கிளினிக்கில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு சுத்தமாக இருந்தால் அட்டை. கறை தெரிந்தால் அட்டை இல்லை, வேலையும் இல்லை, இந்த வட்டாரத்தில் எந்தச் சுரங்கத்திலும் இல்லை. அப்பாவிடம் அட்டை இருப்பது தெரியும். அது சம்பளத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

"அப்போ உங்கப்பாவுக்கு முன்னாடியே..."

"எங்கப்பாவுக்கு எல்லார் நெஞ்சும் தெரியும்டீ. கிளினிக்குக்கு அனுப்புற லிஸ்ட்ல முடியாதவங்க பேரைக் கடைசியில போடுவாரு, ஒவ்வொரு மாசமா தள்ளுவாரு. தெரியாத மாதிரி இருந்தாரே, அதான் அவர் செஞ்ச உதவி. இப்ப நீ மேடையேறிச் சொல்லிட்ட. அவர் பக்கத்துலயே வெதர்பீ உக்காந்திருந்தாரு. இனிமே எப்படித் தெரியாத மாதிரி இருப்பாரு?"

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. அழுதாள்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்தேனே. தெரியாதது எனக்கு மட்டும்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட "சளி" என்றுதான் சொல்லும். ஏன் சொல்கிறது என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா?

மார்ச் 4, வியாழன்

மிஸ்டர் கிம்ஸி வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை.

"நாளைக்கு கிளினிக்குக்குப் போயிடு, வர்ஜில்."

"என் முறை ஜூன்லதானே?"

"மேல இருந்து சொல்லிட்டாங்கப்பா."

அப்பா சரி என்றார். பிறகு அவர்கள் இருவரும் பேஸ்பால் பற்றிப் பேசினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

மார்ச் 5

அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 6, சனி

யாரிடமும் சொல்லாமல் மிஸ்டர் வெதர்பீ வீட்டுக்குப் போனேன். நான் சொன்னது பொய், கதைப்புத்தகத்தில் படித்தது, என் அப்பா கட்டிலில் படுத்துத்தான் தூங்குகிறார், நன்றாகப் பாடுவார் என்று சொன்னேன். எவ்வளவு பொய் சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார். "நீ பொய் சொல்லலம்மா. படம் எடுத்துப் பாத்தாச்சு. உங்கப்பாவுக்கு ஓய்வு வேணும். இது அவரோட நல்லதுக்குத்தான்."

அப்படியானால் துளைக்கும்போது தண்ணீர் விடலாமே, மேலே வேறு வேலை தரலாமே என்று கேட்டேன். அதெல்லாம் இருக்கிற ஆட்களுக்கே போதவில்லை என்றார். நான் நன்றாகப் படிக்க வேண்டும் என்றார். கதவுவரை வந்து வழியனுப்பினார்.

 அப்பாவுக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் சொன்னதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, ஞாயிறு

இதையும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியாது: எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருக்கிறது. அப்பா கீழே இறங்குவதில்லை. பகலில் வாசலில் வெயில் காய்கிறார். உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார், கெட்டியாகச் சீவி அம்மாவிடம் திட்டு வாங்குகிறார். அவர் முகத்தின் சாம்பல் நிறம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா ஹோட்டலில் சலவைக்குப் போகிறாள். கை வெந்து சிவந்திருக்கிறது. நானும் பள்ளி விட்டதும் இஸ்திரி போடப் போகிறேன். அப்பா உயிரோடு இருந்தால் போதும், நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

சமாளிப்போமா?

மார்ச் 23

விழாவில் நின்றவர்களில் இன்னும் நாலு பேரைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சுவரோரம் கழுத்து நரம்பு புடைக்க நின்றாரே, அவரும் ஒருவர்.

கடையில் மாவு வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி, "சத்தம் போடாதீங்கடி, பாடம் படிச்சவ நிக்குறா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் மிஸ் ட்ரஸ்கட் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரியாமல் போயிற்று மிஸஸ் ப்ரூயெட், யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா காபி ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். மிஸ் என்னை மாவட்டப் போட்டிக்கு அனுப்ப நினைத்திருந்தாராம். நான் போகவில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

மார்ச் 30

அப்பா விறகு பிளக்கப் பார்த்தார். இரண்டு அடி. பிறகு கோடரிமேல் சாய்ந்து நின்றார். நான் பார்க்கவில்லை என்று பாவனை செய்தேன். இப்போது எனக்கும் அது நன்றாக வருகிறது.

ஏப்ரல் 5, திங்கள்

கொலராடோவில் வெள்ளிச் சுரங்கம் இருக்கிறதாம். அங்கே அட்டை கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை, கை கால் இருந்தால் இறக்கிவிடுகிறார்கள். அட்டை போன மற்ற நாலு பேரும் போகிறார்கள். அப்பாவும்.

போகாதீங்க அப்பா போகாதீங்கன்னு கத்தினேன். தண்ணிகூட விடமாட்டாங்கப்பா, வெறும் தூசுப்பா, செத்துப்போயிடுவீங்கப்பா. நான் இனிமே வாயே திறக்க மாட்டேன், படிப்பை விட்டுட்டு ஹோட்டல்லயே வேலைக்குப் போயிடறேன், நீங்க சும்மா உக்காந்திருங்க போதும்.

அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். 

"மேல உக்காந்து என்ன பண்றது லியோ? உங்கம்மா கையைப் பாத்தியா?"

"என்னாலதானே..."

"ச்சீ. நெஞ்சுல இருக்கறது இருக்கத்தான் செய்யும். நீ சொன்னா வருமா, சொல்லலன்னா போகுமா?" மூச்சு. "ஒரு வருஷம் கூட ஓட்டியிருப்பேன். அவ்வளவுதான்."

ஒரு வருடம். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

அம்மாவிடம் ஓடினேன், நீ சொன்னால் கேட்பார் என்று. அம்மா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஏப்ரல் 9, வெள்ளி

கடைக்கு முன்னால் லாரி நின்றது. ஐந்து பேரும் பின்னால் ஏறினார்கள். அப்பாவை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். "என்னப்பா வர்ஜில், மாப்பிள்ளை மாதிரி ஏறுறே" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்ததில் இருமினார்கள், லாரி கிளம்பும்வரை இருமிக்கொண்டே இருந்தார்கள். இப்போது அடக்க வேண்டிய அவசியம் இல்லை.

மிஸ்டர் கிம்ஸி சற்றுத் தள்ளி நின்றிருந்தார். கிட்டே வரவில்லை. போகவும் இல்லை.

 அப்பா என் தலையில் கை வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு வார்த்தை தெரிந்து என்ன.

ஏப்ரல் 10, சனி

சாப்பிட்டு முடித்ததும் அம்மா கேட்டாள்: "அங்க காத்து எப்படி இருக்கும்? உன் புத்தகத்துல இருக்கா?"

பள்ளிப் பூகோளப் புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் படத்தைப் பார்த்தாள். மலை, மேலே பனி. இது உண்மையான பனி என்றேன். நான் படித்தேன்: "கொலராடோவின் காற்று தெளிவானது, வறண்டது. நெஞ்சு நோயால் வருந்துவோர் பலர் கீழ்த்திசை நகரங்களிலிருந்து இங்கே வந்து தங்கி நலம் பெறுகின்றனர்."

"இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

அடுத்த வரியில், அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், புதிதாக வருபவர்கள் நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குவார்கள் என்று இருந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

"நல்ல காத்து" என்றாள். எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.